மனுவில் எழுதாமல் விட்ட பாதை

எங்கள் முதல் மனுவில் 'மயானப் பாதை' என்று எழுதியிருந்தோம். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லால் ஒன்றரை வருடம் வீணாகப் போனது.

செந்துறைக்குப் பக்கத்து ஊர். பெயரை எழுதப்போவதில்லை, காரணம் பின்னால் வரும். காலனியிலிருந்து சுடுகாட்டுக்கு ஒரு பழைய பாதை உண்டு. செம்மண் தடம், இரண்டு பக்கமும் முந்திரி, கடைசியில் ஓடை. ஒரு நாள் பாதையின் தொடக்கத்தில் முள்வேலி வந்தது. அடுத்த பட்டத்தில் வேலிக்குள் கடலை போட்டுவிட்டார்கள். வேலியில் ஒரு சந்து விட்டிருந்தார்கள். ஒரு ஆள் குனிந்து நுழையலாம். பாடை நுழையாது.

அதன்பிறகு பிணத்தைத் தூக்கிக்கொண்டு தார்ச்சாலைக்கு வந்து, சுற்றிப் போய், ஓடைக்குள் இறங்கித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் சாவு விழுந்தால் பாடை தூக்குகிறவர்களுக்கு முழங்கால்வரை தண்ணீர்.

மனுவுக்கு அலுவலகத்தில் வாயால் சொன்ன பதில் இது: "வருஷத்துக்கு ரெண்டு மூணு சாவு விழுமா? அதுக்கு ஒரு பாதையா? ஓடை வழியா போயிட்டு வந்துருங்க. அது பட்டா நிலம், வேணும்னா சிவில் கோர்ட்டுக்குப் போங்க."

இந்தப் பதில் உங்களில் பலருக்கும் பழக்கமானதாக இருக்கும். 2019 ஆகஸ்ட்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒருவரின் உடலைக் கயிறு கட்டி இறக்கினார்கள். வயல் வழியாகப் போக விடவில்லை என்பதுதான் காரணம். காணொளி பரவியது, சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதற்கு முன் 2016 ஜனவரியில் திருநாள்கொண்டச்சேரி. பொதுப்பாதை வழியாக எடுத்துப்போகலாம் என்று நீதிமன்றம் சொன்ன பிறகும், போலீஸ் வேறு வழியாக உடலைக் கொண்டுபோய் அடக்கம் செய்தது. இரண்டிலும் பாதைக்காகக் கேமரா வந்தது பிணம் கிடந்த அன்றுதான். மறுநாள் அந்தப் பாதையில் யார் நடந்தார்கள், யார் நடக்க முடியவில்லை என்று எவரும் பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. மனுவையே அப்படித்தான் எழுதினோம்.

கையடக்க ஜிபிஎஸ் எனக்கு வந்தது தற்செயலாக. திருச்சியில் ஒரு தோழி பறவை பார்க்கக் காடு மலை சுற்றுகிறவள். அவளிடம் பழைய கார்மின் ஈட்ரெக்ஸ் 10 ஒன்று சும்மா கிடந்தது. மஞ்சள் நிறம், உள்ளங்கை அளவு, சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற பேட்டரி இரண்டு போட்டால் ஒரு நாள் பூராவும் ஓடும். மலையேறுகிறவர்கள் வந்த வழியைப் பதிந்துகொண்டு அதே வழியில் திரும்புவதற்கான கருவி அது. இங்கிலாந்தில் பொழுதுபோக்காக நடப்பவர்கள்கூட, பழைய நடைபாதைகள் அரசு வரைபடத்தில் விட்டுப்போயிருக்கின்றனவா என்று ஊர் ஊராகத் தேடிப் பதிவுசெய்கிறார்கள். 1949-இல் வந்த சட்டம், பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகளை வரைபடத்தில் ஏற்றச் சொன்னது. ஏறிவிட்டால் நிலத்துக்காரர் வேலி போட முடியாது. இதைப் படித்தபோது எனக்கு வந்தது பொறாமைதான்.

செல்போனிலேயே இந்த வேலையைச் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம். ஜிபிஎஸ் வேலை செய்ய டவரும் தேவையில்லை. ஆனால் போனில் பேட்டரி நிற்காது, வெயிலில் திரை தெரியாது, பதிவு எந்தக் கம்பெனியின் கணினிக்குப் போகிறது என்றும் தெரியாது. இந்தக் கருவி வானத்திலிருந்து வருவதை வாங்கிக்கொள்ளும், எதையும் வெளியே அனுப்பாது. இன்னொன்று, போனை எடுத்தால் போட்டோ பிடிக்கிறோம் என்று சண்டைக்கு வருவார்கள். இதைப் பார்த்து ஒருவர் சுகர் பார்க்கிற மிஷினா என்று கேட்டார்.

கருவி வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கின் குரல் கேட்டால், ஒவ்வொன்றும் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து நாம் நிற்கும் இடத்தைக் கருவி கணக்குப் போடும். இது அமெரிக்க ராணுவத்தின் ஏற்பாடு. சாதாரண மக்களுக்குக் கிடைக்கும் குரலில் வேண்டுமென்றே பிசகு சேர்த்து, 100 மீட்டர்வரை தவறும்படி வைத்திருந்தார்கள். 2000 மே மாதம்தான் அதை நிறுத்தினார்கள். இன்று திறந்த வெளியில் பிசகு 3 முதல் 5 மீட்டர். முந்திரித் தோப்புக்குள் இன்னும் கூடும். அடர்ந்த இலை குரலை மறைத்துவிடும்.

இந்த 3 மீட்டர், 5 மீட்டரை மறந்துவிடாதீர்கள். எங்கள் பாதையின் அகலமே ஆறடி.

முதல் வாரம் செய்த தப்புகளைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாதிருக்க. பஸ்ஸிலேயே கருவியைப் போட்டுவிட்டு, பழைய பதிவை அழிக்காமல் நடந்தேன். செந்துறை பஸ் நிறுத்தத்திலிருந்து காலனிவரை ஒரு கோடு வந்து எங்கள் பாதையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது தப்பு பெரியது. திரையில் இருந்த எண்களை நோட்டில் எழுதி வந்து கணினியில் போட்டேன். கருவி காட்டியது பாகையும் நிமிடமும். செந்துறை ஏறத்தாழ வடக்கே 11 பாகை 15 நிமிடத்தில் இருக்கிறது. நான் அதை 11.15 என்று அடித்தேன். 60 நிமிடம் ஒரு பாகை என்பதால் அது 11.25 என்று இருக்க வேண்டும். கிழக்கு எண்ணிலும் அதே தப்பு. விளைவாக எங்கள் சுடுகாடு பத்துப் பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி, அரியலூர் டவுனுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. நல்லவேளை, மனுவோடு சேர்க்குமுன் பார்த்துவிட்டோம். எண்களைக் கையால் எழுதாதீர்கள். கருவியைக் கணினியில் செருகி, ஜிபிஎக்ஸ் கோப்பாகவே எடுங்கள்.

பிறகு ஒரு சாவு.

வீட்டாரிடம் கேட்டுத்தான் செய்தோம். எங்கள் பக்கம் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவோம், சுடுகாட்டுக்குப் போவதில்லை. அதனால் கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பியின் சட்டைப்பையில் கருவியை வைத்து அனுப்பினேன். ஐந்து நொடிக்கு ஒரு புள்ளி வைக்கும்படி போட்டிருந்தேன். தானாகவே புள்ளி வைக்க விட்டால், பாடை போகிற வேகத்தில் பல வளைவுகளை விட்டுவிடும்.

அன்று இரவு கோட்டைத் திரையில் பார்த்தோம். தார்ச்சாலை, திருப்பம், ஓடை. 1.9 கிலோமீட்டர். ஓடைக்கரையில் மட்டும் கோடு நூல் சிக்கிக்கொண்ட மாதிரி சுருண்டு கிடந்தது. ஒரே இடத்தில் நின்றால் கருவி அப்படித்தான் தடுமாறும். நேரத்தைக் கூட்டிப் பார்த்தோம், பதினோரு நிமிடம். தம்பி சொன்னான்: "அங்கதான்க்கா பாடையை எறக்கி வச்சோம். எறங்குற எடம் சரிஞ்சு போச்சு." வேறெதுவும் சொல்லவில்லை. பழைய பாதையில் அளந்தால் 700 மீட்டர்.

(கோப்பில் இருக்கும் நேரம் உலகப் பொது நேரம். ஐந்தரை மணி கூட்ட வேண்டும். மாலை 4.10-க்கு நடந்தது 10.40 என்று இருக்கும். கூட்டாமல் அச்செடுத்துக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டே மனுவைத் தள்ளுவார்கள்.)

இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் போட்டு அடுத்த மனு தயார் செய்யக் கூடினோம். வழக்கம்போல ஆண்கள் முன்னால், பெண்கள் திண்ணைப் பக்கம். அப்போது ஒரு அப்பாயி கேட்டார்: "ஏம் பாப்பா, இந்த மிஷினு பொணத்துக்கு மட்டுந்தான் வேலை செய்யுமா?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அந்தப் பாதை வழியாகத்தான் அவர் நாற்பத்தைந்து வருடமாக முந்திரி பொறுக்கப் போகிறார். ஆடு ஓட்டுகிறார். விறகு, புல், களை வெட்டு எல்லாம் அந்த வழிதான். வேலி வந்த பிறகும் சந்தில் குனிந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார். அவர் மட்டுமில்லை, தெருவில் பாதிப் பேர். ஆண்களுக்கு அது சுடுகாட்டுப் பாதை. பெண்களுக்கு அது வேலைக்குப் போகிற பாதை. மனு எழுதும்போது பெண்களை யாரும் கேட்கவில்லை. நானும் பெண்தான், நானும் கேட்கவில்லை. எம்.ஏ. படித்தபோது கிராம ஆய்வு என்று ஊர் ஊராகப் போய்த் தெரு, கோயில், குளம் எல்லாம் வரைந்தோம். காலையில் யார் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று வரைந்ததாக ஞாபகம் இல்லை.

பங்குனி, சித்திரை முந்திரிக் காலம். நான்கு பெண்கள் மாறி மாறிக் கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார்கள். நான் செய்ததெல்லாம் காலையில் திறந்த வெளியில் இரண்டு நிமிடம் கருவியைப் பிடித்து நிற்கச் சொன்னதும், ராத்திரி கோப்பை இறக்கியதும்தான். 19 நாள். 'வருஷத்துக்கு ரெண்டு மூணு சாவு' என்ற பாதையில் ஒரே நாளில் ஆறு நடை பதிவாகியிருந்த நாளும் உண்டு, அதுவும் கருவி வைத்திருந்த ஒருவர் நடந்தது மட்டும்.

அந்தக் கோடுகளைப் புல வரைபடத்தோடு வைத்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. புல வரைபடத்தை, அதாவது எஃப்.எம்.பி.யை, வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். எடுத்து, பாதையைத் தொடும் சர்வே எண்களை எல்லாம் வரிசையாக ஒட்டினோம். பழைய பாதையின் முதல் 450 மீட்டர் அதில் புறம்போக்குப் பாதையாகவே இருக்கிறது. மிச்சம் 250 மீட்டர்தான் பட்டா நிலத்துக்குள் போகிறது. அதாவது 'அது பட்டா நிலம்' என்ற பதிலில் பெரும்பகுதி உண்மையில்லை. 450 மீட்டருக்கு நாங்கள் எந்தக் கோர்ட்டுக்கும் போக வேண்டியதில்லை. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அரசே அகற்ற வேண்டியது.

ஒரு சிக்கலும் வந்தது. கடலைக் கொல்லை இருக்கும் இடத்தில் பெண்களின் கோடு வரைபடத்துப் பாதையிலிருந்து விலகி ஓடியது. பயிரை மிதிக்காமல் வரப்போரமாக நடக்கிறார்கள். ஒரு நாள் கோட்டை மட்டும் கொடுத்திருந்தால், 'பார், இவர்களே வேறு இடத்தில்தான் நடந்ததாகக் காட்டுகிறார்கள்' என்று எதிராளி நம் தாளையே நம் மேல் வீசியிருப்பார். 19 நாள் கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டபோது விலகல் 8, 9 மீட்டர் என்று நிலையாக நின்றது. கருவியின் பிசகைவிட அது அதிகம். ஆக, பாதையை உழுததால் நடை ஒதுங்கியிருக்கிறது என்று சொல்ல முடிந்தது. தாளின் அடியில் பிசகு இத்தனை மீட்டர் என்று நாமே எழுதிவிட வேண்டும். நாம் மறைத்தால் அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

அந்த 250 மீட்டருக்கு வருகிறேன். 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி, தனியார் நிலத்தின் வழியாக 20 வருடம் தடையின்றி, ஒளிவுமறைவின்றி, உரிமையாக நடந்திருந்தால் அந்த வழி நடந்தவர்களுக்கு உரிமையாகிறது. அனுமதி வாங்கி நடந்தால் ஆகாது. நிலத்துக்காரர் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: "நான்தான் பாவம்னு போகவிட்டேன்." பெரிய மனுஷத்தனம் போலத் தோன்றும், சட்டத்தில் அது நம் உரிமையை அறுக்கும் கத்தி. அப்பாயியிடம் கேட்டோம். "யாரைக் கேட்டு நடந்தோம்? எம் மாமியா இட்டாந்து காட்டுன வழி. அப்ப இவுங்க அப்பாரு இந்தக் கொல்லையை வாங்கவே இல்ல" என்றார். நிலம் கைமாறிய வருடத்தை வில்லங்கச் சான்றில் பார்த்துக்கொள்ளலாம். அவர் சொன்னது சரியாக இருந்தது. கருவியால் நேற்றையும் இன்றையும்தான் பதிய முடியும். 20 வருடத்துக்கு முந்தையதைச் சொல்ல அப்பாயிதான் வேண்டும். நான்கு வயதான பெண்களின் வாக்குமூலத்தை எழுதி, அவர்கள் சொன்ன அடையாளங்களுக்கு, ஒரு புளியமரம், ஒரு பழைய சர்வே கல், ஓடைத் துறை, நேரில் போய்ப் புள்ளி வைத்தோம்.

நிலத்தோடு கட்டிய வழக்குகளில் இப்படி நடந்தே கோடு போட்டது நாங்கள் முதல் ஆள் இல்லை. 2006 வன உரிமைச் சட்டம் வந்த பிறகு குஜராத்தின் நர்மதை மாவட்டத்தில் பழங்குடி மக்கள், ஆர்ச் வாஹினி அமைப்போடு சேர்ந்து, தாங்கள் உழும் நிலத்தின் எல்லையைக் கையடக்க ஜிபிஎஸ்ஸால் சுற்றிவந்து பதிந்தார்கள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஜேன்ஸ்வில் பக்கம் கோல் ரன் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்புக்குப் பத்தாண்டுக் கணக்கில் குடிநீர்க் குழாய் வரவில்லை. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், குழாய் எதுவரை வந்திருக்கிறது என்று ஒரே வரைபடத்தில் போட்டு நீதிமன்றத்தில் வைத்தார்கள். 2008-இல் நடுவர் குழு கிட்டத்தட்ட 1.1 கோடி டாலர் இழப்பீடு தரச் சொன்னது. நமக்கும் இது புதிய சண்டை இல்லை. அய்யன்காளி 1893-இல் வில்வண்டி கட்டி ஓட்டியதும், 1924-இல் ரெட்டமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்ததும் தெருவில், பாதையில் நடக்கத்தான். நூறு வருடம் ஆகிறது.

இனி, ஊர்ப் பெயரை ஏன் எழுதவில்லை என்பது. கருவியில் ஒவ்வொரு புள்ளியிலும் நேரம் இருக்கிறது. காலை 5.50-க்கு யார் வீட்டு வாசலிலிருந்து கிளம்பினார், எந்தத் தோப்பில் எத்தனை மணிவரை இருந்தார் என்பது எல்லாம் அதில் தெரியும். அந்தப் பெண்களில் இரண்டு பேர் கூலிக்குப் போவது வேலி போட்டவரின் தோப்புக்கே. 2019 ஏப்ரல் 18, தேர்தல் நாளன்று பொன்பரப்பியில் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டதை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. பாதுகாப்பு என்று நாம் வாயால் சொல்வதற்கு இங்கே மதிப்பில்லை. அதனால் வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் பகுதியைக் கோட்டிலிருந்து வெட்டினோம். பெயருக்குப் பதில் எண் போட்டோம். ஒரு அக்கா பத்து நாள் கழித்து, "என்னோடத எடுத்துரும்மா, வூட்டுக்காரரு பயப்படுறாரு" என்றார். எடுத்துவிட்டோம். நல்ல கோடுகள் அவை, மரநிழலிலும் பிசகாமல் வந்தவை. வருத்தமாகத்தான் இருந்தது. அதற்காக அவரை வற்புறுத்த முடியுமா?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுப்பது பற்றியும் சண்டை வந்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் 3(1)(இசட்ஏ) பிரிவு தெளிவாக இருக்கிறது: சுடுகாடு, நீர்நிலை, பொதுப்பாதை ஆகியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது குற்றம். உடனே கொடுக்க வேண்டும் என்றேன். பெண்கள் முந்திரி முடியட்டும் என்றார்கள். கூலி போய்விடும். காத்திருந்தோம். அது சரியா என்று எனக்கு இன்றும் முழுதாகத் தெளிவில்லை. தடுக்கிறவருக்கும் அந்த இரண்டு மாதம் கிடைத்தது.

இரண்டாவது மனுவில் 'மயானப் பாதை' என்று போடவில்லை. 'பொதுமக்கள் நாள்தோறும் வேலைக்கும் கால்நடை ஓட்டவும் அடக்கத்துக்கும் பயன்படுத்தும் பாதை' என்று போட்டோம். சர்வே எண்களையும் கோடுகளையும் வாக்குமூலங்களையும் இணைத்தோம்.

சர்வேயர் வந்தார். எங்கள் தாளைப் பார்த்து, "இதெல்லாம் எங்களுக்குச் செல்லாதும்மா" என்றார். அது உண்மைதான். அரசு அளவுதான் அளவு, ஜிபிஎஸ் கோடு அதற்கு ஈடாகாது. ஆனால் சங்கிலியை எங்கிருந்து பிடிப்பது என்று கொஞ்ச நேரம் தேடியவர், எங்கள் தாளில் மூன்றாம் எண் புள்ளியைக் காட்டி இது என்ன என்றார். பழைய சர்வே கல், முந்திரிச் சருகுக்கு அடியில் கிடந்தது. காலால் ஒதுக்கிக் காட்டினோம். அங்கிருந்துதான் அளக்கத் தொடங்கினார்.

450 மீட்டருக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ் போயிருக்கிறது. வேலி இன்னும் இருக்கிறது. சந்தை மட்டும் யாரோ ராத்திரியில் கொஞ்சம் அகலப்படுத்தியிருக்கிறார்கள். யார் என்று நாங்கள் கேட்கவில்லை. 250 மீட்டருக்கான வழக்குக்கு வக்கீல் வாக்குமூலங்களைத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறார். மழைக்கு முன் ஓடைத் துறையை இன்னொரு முறை பதிந்துவைக்கச் சொன்னார், கரை சரிந்திருப்பது தெரிய வேண்டுமாம்.

திருச்சித் தோழி கருவியைத் திருப்பிக் கேட்கிறாள், அவளுக்குப் பறவைகள் வருகிற காலம். இந்த மாதக் கடைசிவரை தவணை வாங்கியிருக்கிறேன். நேற்று அப்பாயி போன் செய்தார். "பேட்டரி ரெண்டு வாங்கியாந்துரு பாப்பா. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போவணும்."